டபுள் பாஸ்: வருஷக்கணக்கில் வாசித்த பிறகு வகுப்புக்குப் போகலாமா? கேள்வி பதில்

இசைக்குழுவிலும் சின்ன ஜாஸ் குழுக்களிலும் டபுள் பாஸ் (வயலின் மாதிரி உருவம், ஆளுயரம், கீழ்ச்சுர வாத்தியம்) வாசிக்கிறேன், பெரியவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்கள் கையைச் சீர்படுத்திக்கொள்ள வகுப்புக்குப் போவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 43 வயது. நானாகவே கற்றுக்கொண்டு பத்து வருஷமாக வாசிக்கிறேன். குழுவில் யாரும் குறை சொன்னதில்லை. இப்போது ஆசிரியரிடம் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிவிடுவாரோ?

சொல்ல மாட்டார், சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். உங்களிடம் காது இருக்கிறது, தாளம் இருக்கிறது, குழுவோடு சேர்ந்து வாசிக்கத் தெரிகிறது. பத்து வருஷம் வாசித்தவரிடம் பொதுவாகத் திருத்த வேண்டியது இரண்டு மூன்று அசைவுகள்தான், ஆனால் அவை எல்லாச் சுரங்களிலும் கலந்திருப்பதால் நூறு பிரச்சினை மாதிரித் தெரியும். நாலு தந்திகளில் மிகத் தடித்த ஈ தந்தியில் எஃப் சுரம் வாசிக்கும்போது இடது தோள் காதை நோக்கி ஏறுகிறது, முழங்கை தொங்குகிறது, கட்டைவிரல் வாத்தியத்தின் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறது. எதிரே நிற்கிறவருக்கு ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும், விரல் பலகையையே பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத் தெரியாது. காசு கொடுப்பது அந்தக் கண்ணுக்குத்தான்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிடியை மாற்றினால் முதல் சில வாரம் இப்போது வாசிப்பதைவிட மோசமாக வாசிப்பீர்கள். அதனால் கச்சேரி நெருங்கும் சமயத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: பாஸ் கிட்டாரிலிருந்து வந்தவன் நான். அங்கே ஒரு ஃபிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) ஒரு விரல். இங்கே மோதிர விரலைத் தனியாக வைக்காதே, ஒன்று இரண்டு நான்கு (சுட்டு, நடு, சுண்டு விரல்) மட்டும் போதும் என்கிறார் ஆசிரியர். பழைய சம்பிரதாயமா, காரணம் இருக்கிறதா?

காரணம் தந்தியின் நீளம். வழக்கமான பாஸ் கிட்டாரில் நட்டிலிருந்து (தந்தி கழுத்தின் மேல்முனையில் தாங்கி நிற்கும் இடம்) பிரிட்ஜ் (கீழே தந்தியைத் தாங்கும் கட்டை) வரை சுமார் 86 சென்டிமீட்டர். பெரியவர்களே பெரும்பாலும் வாசிக்கும் முக்கால் அளவு டபுள் பாஸில் அது 105 வாக்கில் இருக்கும். நட்டை ஒட்டிய இடத்தில் நாலு விரலையும் நாலு அரைச் சுரங்களில் வைத்தால் சுட்டு விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே கிட்டத்தட்ட 16 சென்டிமீட்டர். எட்டலாம், ஆனால் விரித்த கையில் அழுத்த பலம் இருக்காது, தந்தியும் கிட்டார் தந்தியைவிட உயரத்தில் இருக்கிறது. ஒன்று இரண்டு நான்கு என்று வைத்தால் அது 11 சென்டிமீட்டருக்குள் அடங்கும், மோதிர விரல் சுண்டு விரலோடு சேர்ந்து இறங்கி அதற்குத் தோள் கொடுக்கும். மேலே போகப் போக இடைவெளி குறையும், அங்கே சுண்டு விரலுக்கு வேலை போய் மோதிர விரல் அதன் இடத்துக்கு வந்துவிடும்.

கீழ்ப்பகுதியில் நாலு விரலையும் தனித்தனியாகப் பயன்படுத்தும் நல்ல கலைஞர்களும் இருக்கிறார்கள். முதலில் மூன்று விரல் கணக்கில் கை நிலைக்கட்டும், அப்புறம் தேவைப்படும் இடத்தில் விரித்துக்கொள்ளலாம்.

கேள்வி: சிமாண்டல் முறையா, ரபாத் முறையா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஃபிரான்ட்ஸ் சிமாண்டல் (1840–1912) வியன்னாவில் வாசித்து, அங்கேயே கற்பித்தவர். கையை ஒரு சட்டம்போல வைத்துக்கொண்டு, அரை அரைச் சுரமாக அடுத்தடுத்த நிலைகளுக்கு ஏறும் வழி அவருடையது. 1931-இல் அலெப்போவில் பிறந்த ஃபிரான்ஸ்வா ரபாத், விரல் பலகை முழுவதையும் ஆறே நிலைகளாகப் பிரித்து, கட்டைவிரலை அதே இடத்தில் விட்டுக் கையை மட்டும் முன்னும் பின்னும் சாய்த்துப் பக்கத்துச் சுரங்களைப் பிடிக்கச் சொன்னார். முதலாவது, சுரம் எங்கே இருக்கிறது என்று கைக்குப் புரியவைக்கும். இரண்டாவது, வேகமான இடங்களில் தேவையில்லாத நகர்வுகளைக் குறைக்கும்.

உங்கள் ஆசிரியர் எதில் வளர்ந்தாரோ அதில் ஒரு வருஷம் ஓடுங்கள். இரண்டு புத்தகத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு எது சிறந்தது என்று மாதக்கணக்கில் வாதாடுகிறவர்கள் எதையும் பத்துப் பக்கம் தாண்டுவதில்லை.

கேள்வி: என் பிரச்சினை சுருதி. மெதுவாக வாசித்தால் சரியாக இருக்கிறது, நிலை மாறினால் தப்புகிறது. வகுப்பில் இதற்கு என்ன செய்வார்கள், வீட்டில் நான் என்ன செய்யலாம்?

வந்த கேள்விகளில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜி தந்தியில் முதல் விரலால் ஏ வாசியுங்கள். அதே விரலால் மேலே டி-க்குப் போக வேண்டும். தூரம் சுமார் 23 சென்டிமீட்டர். பெரும்பாலானவர்கள் விரலை இழுத்துக்கொண்டு ஓடி, உத்தேசமாக ஓரிடத்தில் நின்று, சரியில்லை என்று தெரிந்ததும் அங்கேயே சறுக்கித் திருத்துகிறார்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் கை பழகுவது தப்பிப் போய்த் திருத்துவதைத்தான்.

மாற்றிச் செய்து பாருங்கள். ஏ வாசித்து முடித்து வில்லை நிறுத்துங்கள். டி-யை வாய்விட்டு முனகுங்கள், முனக வரவில்லையென்றால் கையும் அங்கே போகாது. விரல் அழுத்தத்தைத் தளர்த்துங்கள், ஆனால் தந்தியைத் தொட்டபடியே இருக்கட்டும். இப்போது நகர வேண்டியது விரல் இல்லை, முழங்கை. கை, கட்டைவிரல், விரல் எல்லாம் அதன் பின்னால் ஒரே கட்டாகப் போகும். போய்ச் சேர்ந்ததும் வாசியுங்கள். சரியான இடமா என்று பார்க்க அங்கேயே மூன்று சாட்சிகள் உண்டு. பக்கத்தில் இருக்கும் டி தந்தி தானாக அதிரும். அதே இடத்தில் தந்தியை லேசாகத் தொட்டு வாசித்தால், தந்தியின் மூன்றில் ஒரு பங்கு அது என்பதால், ஒரு ஸ்தாயி மேலே டி-யின் ஹார்மானிக் (அழுத்தாமல் தொட்டால் வரும் மணி போன்ற ஒலி) கணீரென்று வரும். அப்புறம் கட்டைவிரலுக்குக் கழுத்தின் அடிப்பகுதி தட்டுப்படும், சில வாத்தியங்களில் அது அரைச் சுரம் தள்ளி ஈ ஃப்ளாட்டில் இருக்கும், உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தப்பினால் சறுக்காதீர்கள். எடுத்துவிட்டு ஏ-யிலிருந்து மறுபடி போங்கள்.

பக்கத்தில் சுருதிப்பெட்டி செயலியில் டி-யை ஓடவிட்டு இதைச் செய்தால் இன்னும் நல்லது. ட்யூனர் ஊசியைப் பார்த்து வாசிப்பதை நான் விரும்புவதில்லை. கண் திருத்தியதைக் காது நினைவு வைத்துக்கொள்வதில்லை.

கேள்வி: வில் போட்டால் ஜி தந்தி பரவாயில்லை, ஈ தந்தி கரகரக்கிறது, சில சமயம் ஒலியே வர மாட்டேன் என்கிறது. வில் சரியில்லையா? ஃபிரெஞ்சு வில்லை விட்டு ஜெர்மன் வில்லுக்கு மாறலாமா?

மாறாதீர்கள். மேலிருந்து பிடிக்கும் ஃபிரெஞ்சு வில்லிலும் உள்ளங்கை பக்கவாட்டில் வரும் ஜெர்மன் வில்லிலும் பெரிய கலைஞர்கள் இருக்கிறார்கள். ஆசிரியருக்கு உங்கள் வில் பழக்கமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈ தந்தியின் அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு கனமான தந்தி அசைய ஆரம்பிக்கவே நேரம் எடுக்கும். ஜி தந்தியில் ஓட்டிய வேகத்தில் வில்லை ஓட்டினால் மயிர் தந்தியின் மேல் வழுக்கிவிடும், உடனே நாம் பயந்து அழுத்துவோம், கரகரப்பு வரும். வேகத்தைக் குறையுங்கள். வில்லைத் தந்தியில் வைத்து, முதுகிலிருந்து கையின் எடையை அதில் இறங்கவிட்டு, மயிர் தந்தியைக் கவ்விவிட்டது என்று விரலில் உணர்ந்த பிறகு இழுங்கள். பிரிட்ஜிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் போய்ப் பாருங்கள். கண்ணாடி முன்னால் நின்று வில் தந்திக்குச் செங்குத்தாக ஓடுகிறதா என்றும் கவனியுங்கள், முனைக்குப் போகும்போது பெரும்பாலும் சாய்ந்துவிடும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிஷத்துக்கு 60 தட்டில் வைத்து ஒரு வில்லுக்கு எட்டுத் தட்டு, நாலு தந்தியிலும். அலுப்பான வேலைதான், ஆனால் ஒலி மாறுவது இதில்தான்.

ரோசின் (வில் மயிரில் தேய்க்கும் பிசின்) டபுள் பாஸுக்கென்றே உள்ள மென்மையான வகைதானே? வயலின் ரோசினைத் தேய்த்துக்கொண்டு தந்தியைத் திட்டுகிறவர்கள் உண்டு.

கேள்வி: ஜாஸ் மட்டும்தான் வாசிக்கிறேன், விரலால் மீட்டுவதோடு சரி. வில் கற்காமல் வகுப்புக்குப் போக முடியாதா?

போகலாம். ஆனால் வில்லைத் தொடுங்கள். மீட்டிய சுரம் உடனே தேய ஆரம்பிப்பதால் சுருதித் தப்பு அதில் ஒளிந்துகொள்ளும், வில்லில் ஒளிய இடமில்லை. பால் சேம்பர்ஸ் ஜாஸிலேயே வில்லால் தனி ஆவர்த்தனம் வாசித்தவர். மீட்டுவதிலும் கற்க நிறைய இருக்கிறது: விரல் நுனியால் கொக்கி போட்டு இழுக்காமல் சுட்டு விரலின் பக்கவாட்டுச் சதையைத் தந்தியில் கிடத்தி, கையின் எடையோடு தள்ளிப் பாருங்கள். ஆம்ப்பை அணைத்துவிட்டுக் கேளுங்கள், வித்தியாசம் தெரியும்.

கேள்வி: மேடம், அரை மணி வாசித்தால் இடது கட்டைவிரலின் அடியில் வலிக்கிறது. பழகினால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

பழகக் கூடாத வலி அது. விரல் நுனி எரிவது வேறு, அது காய்ப்பு ஏறினால் போய்விடும். மூட்டு வலி, மரத்துப்போவது, ஊசி குத்துகிற மாதிரி உணர்வு, ராத்திரி வலி, இதில் எது இருந்தாலும் முதலில் மருத்துவர், அப்புறம்தான் பாஸ் ஆசிரியர்.

அது இல்லையென்றால் ஒரு சோதனை. கட்டைவிரலைக் கழுத்திலிருந்து முழுசாக எடுத்துவிட்டு ஒரு சுரம் வாசியுங்கள். வாத்தியம் உடம்பில் சாய்ந்திருக்கிறது, கை தந்தியில் தொங்குகிறது, அந்த எடையே தந்தியை அழுத்தப் போதும். சுரம் வருகிறதென்றால் இவ்வளவு நாள் கட்டைவிரல் செய்தது வீண் வேலை. வரவே இல்லையென்றால் தந்தி விரல் பலகையிலிருந்து ரொம்ப உயரத்தில் இருக்கலாம். வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் காட்டி இறக்குங்கள், பல பிரிட்ஜ்களில் அதற்கென்றே திருகு இருக்கும். வகுப்புக்கு முன்பே இதைச் செய்துவிட்டால், வாத்தியத்தின் குறையை உங்கள் கையின் குறை என்று நினைத்துத் திருத்திக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

கேள்வி: பக்கத்தில் ஆசிரியர் இல்லை. இணையத்தில் கற்றால் பலன் உண்டா?

உண்டு, இரண்டு விஷயத்தைச் சரி செய்தால். ஒன்று, சத்தம். காணொளிச் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை, நீண்டு ஒலிக்கும் கீழ்ச்சுரத்தை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். இரைச்சல் நீக்கும் வசதியை அணையுங்கள், ஜூமில் இசைக்கலைஞர்களுக்கான அமைப்பே தனியாக இருக்கிறது. ஆசிரியர் வாசிப்பதை ஹெட்ஃபோனில் கேளுங்கள், மடிக்கணினி ஸ்பீக்கரில் ஈ தந்தியின் அடி ஒலி வராது. இரண்டு, கேமரா. முகம் தெரிந்து பயனில்லை. இடது கையும், வில் தந்தியைத் தொடும் இடமும், கால் பாதமும் ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும்.

சேர்ந்து வாசிப்பது மட்டும் நடக்காது, தாமதம் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் போக முடிந்தால் போங்கள். தோள் இறுகியிருப்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிகிற மாதிரி திரையில் தெரியாது.

கேள்வி: வேலை, குழந்தைகள். நாளுக்கு அரை மணிதான் கிடைக்கும். வாரா வாரம் வகுப்பு வீண்தானே?

அரை மணி போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு வகுப்பு வைத்துக்கொள்ளுங்கள், அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். பெரியவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது, வகுப்புக்கு நன்றாக வருகிற பாட்டைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டுவது. நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு நான் என்ன செய்ய? தடுக்குகிற ஒரு சின்னப் பகுதியைக் கொண்டு வாருங்கள். முடியும்போது, அடுத்த தடவைக்குள் ஒரே ஒரு விஷயம் மாற வேண்டுமென்றால் அது எது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் திணறுகிறவரிடம், ஏன் இப்படி வைக்க வேண்டும் என்று கேட்டால் "அப்படித்தான்" என்கிறவரிடம், நான் தொடர மாட்டேன்.

கேள்வி: நின்று வாசிப்பதா, ஸ்டூலில் உட்கார்ந்தா? எண்ட்பின் (வாத்தியத்தைத் தரையில் தாங்கும் கம்பி) எவ்வளவு உயரம்?

இரண்டும் சரி. நீண்ட ஒத்திகைக்கு ஸ்டூல் இடுப்பைக் காப்பாற்றும். நின்றால், நட் புருவத்துக்கு நேராக வரும்படி வைத்து ஆரம்பியுங்கள். பிறகு வில்லைப் பிடித்த கையைத் தளர்வாகத் தொங்கவிட்டுத் தந்தியில் வையுங்கள், வில் விரல் பலகை முனைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே விழ வேண்டும். குனிந்தால்தான் விழுகிறதென்றால் எண்ட்பின்னை இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள். சரியான உயரம் கிடைத்ததும் கம்பியில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் தேட வேண்டாம்.