உங்கள் குதிரை பெரிதா, என் குதிரை பெரிதா?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து வாகனப் பிரியர்கள் தங்கள் வண்டிகளின் குதிரைவலுவை எழுதி வைத்துக்கொண்டு, யாருடையது பெரிது என்று கொஞ்ச நாளாக மல்லுக்கட்டுகிறார்கள். கராஜ்காரன் என்ற முறையில் என்னிடம் வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன்: குதிரையை எழுதும்போது அது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும்போது கிடைக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பாதிச் சண்டை அதிலேயே முடிந்துவிடும்.

பரந்தனிலிருந்து ஒரு தம்பி: அண்ணை, என்னுடைய ஓல்டோ 800 காருக்கு 48 குதிரை. அப்பாவின் மசி 240 உழவு இயந்திரத்துக்கு 47 என்று சொல்லித்தான் விற்றார்கள். அப்படியென்றால் ஓல்டோதானே பலம்? அப்பா சிரிக்கிறார்.

அப்பா சிரிக்கட்டும், அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய 35 கிலோவாட். ஆனால் ஓல்டோ அந்த 35 ஐத் தருவது நிமிடத்துக்கு 6,000 சுற்றில். மசி 2,250 சுற்றிலேயே தந்துவிடும். கிலோவாட்டை 9,549 ஆல் பெருக்கிச் சுற்றால் வகுத்தால், அந்த இடத்தில் எஞ்சின் தரும் முறுக்குவிசை, அதாவது அச்சைத் திருகும் பலம், நியூட்டன் மீற்றரில் வரும். போட்டுப் பாருங்கள்: ஓல்டோவுக்கு 56, மசிக்கு 149. ஓல்டோவின் உச்ச முறுக்கே 3,500 சுற்றில் 69 தான். 796 சிசி எஞ்சினையும் இரண்டரை லீற்றர் டீசலையும் பக்கத்தில் வைத்தால் வேறு என்ன வரும்?

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். வலு என்பது ஒரு வேலையை எவ்வளவு வேகமாகச் செய்து முடிக்கலாம் என்ற கணக்கு. அந்த வகையில் இரண்டு எஞ்சினும் சமம்தான். ஓல்டோவின் எஞ்சினுக்கு மசியின் கியர்ப்பெட்டியைப் பொருத்தி, சுற்றை இன்னும் குறைக்கப் பற்சக்கரங்களும் போட்டு, நாள் முழுக்க 6,000 சுற்றில் அலற விட்டால், காகிதத்தில் அதுவும் வயல் உழும். எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்பது வேறு கதை. சேற்றில் கலப்பை இறுகும்போது மசியின் சுற்று விழும், சுற்று விழ விழ முறுக்கு கூடும். அதனால்தான் அது நின்றுபோகாமல் முனகிக்கொண்டே இழுக்கிறது. பெற்றோல் கார் எஞ்சினைக் குறைந்த சுற்றில் அப்படி அமுக்கினால் நின்றுவிடும்.

மாங்குளம்: ஜப்பான் புத்தகத்தில் பிஎஸ், இந்தியப் புத்தகத்தில் பிஎச்பி, சிலதில் கிலோவாட். எதை நம்புவது?

எல்லாம் ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. ஒரு பிஎச்பி 745.7 வாட், ஒரு பிஎஸ் 735.5 வாட். 100 கிலோவாட் என்றால் 136 பிஎஸ் அல்லது 134 பிஎச்பி. ஒன்றிரண்டு குதிரை வித்தியாசத்துக்குச் சண்டை பிடிப்பவர்கள் முதலில் இதைச் சரிபார்க்கவும். மின்சாரக் கார்கள் எப்படியும் கிலோவாட்டில்தான் வரும். நம் நாட்டில் அவற்றின் வரியே கிலோவாட்டை வைத்துத்தான்.

மல்லாவியிலிருந்து ஒரு தங்கச்சி: என்னிடம் வகன் ஆர், 658 சிசி. அண்ணாவிடம் ஓல்டோ, 796 சிசி. சிசி குறைந்த என்னுடையதுக்கு 52 குதிரை, அவருடையதுக்கு 48. எப்படி?

உங்களுடையது 6,500 சுற்று வரை ஏறி அந்த 52 ஐ எடுக்கிறது. வால்வு திறக்கும் நேரத்தைத் தானே மாற்றும் புதிய தலைமுறை எஞ்சின் அது. சிசி என்பது ஒரு மூச்சில் உள்ளே போகும் காற்றின் அளவு. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எவ்வளவு இறுக்கிப் பற்றவைக்கிறது என்பதும் கணக்கில் வரும். ஜப்பானில் உங்களுடையது போன்ற சின்னக் கார்களுக்கு 64 குதிரைக்கு மேல் போவதில்லை என்று உற்பத்தியாளர்களே ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். அதனால் டேர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) பூட்டிய காரும் 64 இல் நிற்கும்.

ஆனால் அண்ணாவோடு பந்தயம் கட்டாதீர்கள். ஓல்டோ கிட்டத்தட்ட 700 கிலோ, உங்கள் கார் 800 ஐ நெருங்கும். நிறையால் வகுத்தால் இரண்டும் ஒன்றுதான், ஒருவேளை அவர் ஒரு முழம் முன்னுக்கு.

வவுனியா: அக்சியோ ஹைபிரிட். எஞ்சின் 74, மோட்டார் 61. கூட்டினால் 135. ஆனால் மொத்தம் 100 என்று போட்டிருக்கிறார்கள். மிச்ச 35 குதிரை எங்கே?

எங்கும் ஓடவில்லை. எஞ்சினும் மோட்டாரும் ஒரே வேகத்தில் உச்சத்துக்கு வருவதில்லை. அதோடு மோட்டாருக்குப் பற்றரி தரக்கூடிய மின்சாரத்துக்கும் எல்லை உண்டு. மூன்றாம் தலைமுறை பிரியசும் அப்படித்தான்: 99 உம் 82 உம், மொத்தம் 136. பட்டியலில் அக்சியோவுக்கு 135 என்று எழுதியவர் திருத்திக்கொள்ளவும்.

முள்ளியவளை: டொல்பின் ஹயஸ் வான், 3எல் எஞ்சின். ஏ9 வீதியில் பறக்கும். நுவரெலியாவுக்குச் சனத்தோடு போனால் இரண்டாம் கியரில் அழுகிறது. டீசல் பம்ப் போய்விட்டதா?

கரும்புகை தள்ளினால் பம்பையும் இன்ஜெக்டரையும் காட்டுங்கள். இல்லையென்றால் இது எஞ்சினின் பிழையில்லை, மலையின் வேலை. 3எல் என்பது 2,779 சிசி, டேர்போ இல்லாத டீசல், சுமார் 90 குதிரை. டேர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கை இழக்கும். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே உங்கள் கையில் இருப்பது 73 அளவுதான். பதினான்கு பேரும் பொதிகளும் ஏறினால் வான் இரண்டரைத் தொன்னைத் தாண்டும். வன்னியில் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லாததால் இது நமக்குத் தெரிவதே இல்லை. இங்கே இருப்பது வெயில் பிரச்சினைதான்: 25 பாகையிலிருந்து 35 க்கு ஏறினால் காற்று மூன்று சதவீதம் மெலியும். விடியக்காலையில் வண்டி நன்றாக இழுப்பதாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் ஐயா: என் மொறிஸ் மைனருக்கு 48 குதிரை என்றால் பெடியள் நம்புகிறார்கள் இல்லை. ஓல்டோவும் 48 தானே, இரண்டும் சமமா?

எஞ்சின் எது, ஐயா? மைனர் எல்லாம் ஒன்றல்ல. 803 சிசிக்கு 30 குதிரை, 948 க்கு 37. 1962 இல் வந்த 1,098 சிசிக்குத்தான் 48. உங்களுடையது அதுவென்றால் எண் சரி. முறுக்கில் ஓல்டோவை வெல்லும்: 2,500 சுற்றிலேயே 81 நியூட்டன் மீற்றர். ஆனால் அந்தக் காலத்துக் கணக்குகளில் பல, விசிறி, சைலன்சர் எல்லாம் கழற்றி வைத்து எஞ்சினை மட்டும் அளந்தவை. அறுபது வருடம் தேய்ந்த சிலிண்டரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பெடியளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாத வருடங்களில், வன்னியில் மைனரும் ஒஸ்டின் ஏ40 உம் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அந்தப் பழைய எஞ்சின்கள் எரிபொருள் கலவையை ஏழு, எட்டுக்கு ஒன்று அளவில்தான் அமுக்கின, அதனால் தாங்கின. இன்றைய கார் எஞ்சினுக்கு அதை ஊற்றினால் தட்டித் தட்டியே பிஸ்டன் போய்விடும். அப்போது எத்தனை குதிரை இருந்தது என்று யாரும் அளக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் காணும் என்றிருந்த காலம்.

கனகராயன்குளம்: 95 பெற்றோல் அடித்தால் குதிரை கூடுமா?

92 க்கென்று செய்த எஞ்சினில் கூடாது. காசுதான் குறையும்.

முல்லைத்தீவு: பட்டாச் சின்ன லொறிக்கு 16 குதிரை, என் பல்சர் மோட்டார் சைக்கிளுக்கு 15. பட்டா முக்கால் தொன் மீன் ஏற்றுகிறதே?

பரந்தன் தம்பிக்குச் சொன்னதை வாசியுங்கள். அதே கணக்குத்தான். உங்கள் பல்சரும் முக்கால் தொன்னை இழுக்கும், கியரைக் குறைத்து, நடந்து போகிறவர் முந்திப் போகும் வேகத்தில்.

கிளிநொச்சி: என்னுடையது ரெவோ 2.8 பிக்கப், 177 குதிரை. ஏ9 இல் ஓர் ஓல்டோக்காரன் விடாமல் பின்னாலேயே வருகிறான்!

வருவான். ஊர்மனைக்கு வெளியே கார்களுக்கான எல்லை 70 கிலோமீற்றர். அந்த வேகத்தில் சமதரையில் ஓட ஓல்டோவுக்குப் பத்துக் குதிரைகூடத் தேவையில்லை. உங்கள் ரெவோவுக்கு 15 ஐ ஒட்டி வரும். மிச்சக் குதிரைகள் சும்மா தூங்கிக்கொண்டு வருகின்றன. ரெயிலரைக் கொழுவினால் அல்லது லொறியை முந்தினால்தான் அவை எழும்பும்.

ஓமந்தை: அளக்கும் இயந்திரம் இல்லாமல் நாங்களே குதிரையை அளக்க வழி இருக்கிறதா?

அண்ணளவாக முடியும். வண்டியை ஆட்களோடு நிறுத்துப் பாருங்கள், நெல் ஆலைத் தராசு காணும். கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ்ஸில் பார்த்து 30 இலிருந்து 70 க்கு முழு மிதியில் ஏற எத்தனை விநாடி என்று பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும். 1,000 கிலோ வண்டிக்கு அந்த வேலை 1,54,000 ஜூல். ஏழு விநாடி எடுத்தால் 22 கிலோவாட், அதாவது 30 குதிரை. இது ரயருக்கு வந்து சேர்ந்த சராசரி. காற்றும் உருளலும் தின்றது இதில் வராது, அதனால் புத்தகத்து எண்ணைவிட நன்றாகக் குறையும். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி அளந்தால் ஒப்பிடலாம்.

இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் வடக்கே போகையில் காற்று முதுகில் தள்ளும், அதை உங்கள் எஞ்சினின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். இருட்டில் வேண்டாம். றோட்டில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகள் உங்களுக்காக எழும்பாது.