“நீங்க கும்பிடுற சாமி எது?”

கேள்வி: நாங்கள் மகாராஷ்டிராவைச் சேர்ந்த பெனே இஸ்ரேல் யூதக் குடும்பம். கணவரின் கம்பெனி வேலைக்காக ஓசூர் வந்தோம், தமிழும் பழகிவிட்டது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அன்பானவர்கள்தான். ஆனால் “நீங்க கிறிஸ்டியனா, முஸ்லிமா?”, “இயேசுவை ஏன் ஏத்துக்கலை?”, “இஸ்ரேல் பண்றது சரியா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யார் மனமும் நோகாமல் எப்படிப் பதில் சொல்வது?
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: நோகாமல் சொல்லலாம் சகோதரி, ஆனால் மழுப்பாமல் சொல்லுங்கள். “இயேசு யூதராப் பிறந்தவர்தான் அக்கா, ஆனா நாங்க அவரை மேசியாவா, அதாவது கடவுள் அனுப்புற மீட்பரா ஏத்துக்கலை, மேசியா இனிமேதான் வரணும்னு நம்புறோம்” என்று எதிர்வீட்டு அக்காவிடம் நேராகவே சொல்லிவிடலாம். சுற்றி வளைத்தால்தான் எதையோ மறைக்கிறீர்கள் என்று தோன்றும். மதம் மாற்றும் எண்ணத்தோடு வருபவருக்கும் இதே பதில் போதும், வாதம் வேண்டாம்.

ஆனால் நம்பிக்கையை விளக்குவதைவிட, செய்வதைக் காட்டுவது சுலபம். உங்கள் முன்னோர் கொங்கண் கரையில் செக்காட்டியவர்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது என்பதால் ஊரார் அவர்களை ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்றே அழைத்தார்கள். யூத வேதமான தோராவில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியா அந்தப் பெயர் வந்தது? வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் நீங்கள் விளக்கேற்றுவதைப் பார்த்தாலே நம்ம ஊர்ப் பெண்களுக்குப் பாதி புரிந்துவிடும், அப்புறம் சனி இரவு வரை ஓய்வுநாள், கடவுள் ஒருவரே, உருவ வழிபாடு இல்லை என்று மீதியைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லலாம்.

இன்னொன்று, உங்கள் வீட்டு மலிதா தட்டு. அவல், தேங்காய், சர்க்கரை, பழங்கள் வைத்து எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பிரார்த்திப்பீர்களே, அன்றைக்குப் பக்கத்து வீடுகளையும் கூப்பிடுங்கள். கிறிஸ்தவர்களுக்கு அவர் எலியா, முஸ்லிம்களுக்கு இல்யாஸ் நபி, மற்றவர்களுக்கும் இனிப்பு அவல் புதிதில்லை.

இஸ்ரேல் அரசு செய்வதற்கெல்லாம் ஓசூரில் குடியிருக்கும் நீங்கள் பொறுப்பல்ல. கருத்து இருந்தால் சொல்லுங்கள், விருப்பமில்லை என்றால் “அது அரசியல், நாங்க சாமி கும்பிடுறது வேற” என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த உரிமையை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: வேறு மதத்தவர் யூதராக முடியுமா?
- ஒரு வாசகர், தர்மபுரி

பதில்: முடியும், ஆனால் அவர்கள் ஆள் சேர்ப்பதில்லை. தேடி வருபவரையும் முதலில் தயங்கவைத்துப் பார்ப்பதே மரபு. பிறகு நீண்ட படிப்பு, ரபிகள் எனும் யூத மதகுருக்கள் குழுவின் ஒப்புதல், ஆண்களுக்கு விருத்தசேதனம், கடைசியாகச் சடங்குக் குளியல்.

கேள்வி: பக்கத்து யூதக் குடும்பத்துக்கு எங்கள் தோட்டத்து மாம்பழம் கொடுக்கலாமா, தடை ஏதும் உண்டா?
- ஒரு விவசாயி, காவேரிப்பட்டணம்

பதில்: தாராளமாகக் கொடுங்கள். இறைச்சிக்குத்தான் கட்டுப்பாடுகள் அதிகம்: பன்றி ஆகாது, இறைச்சியைப் பாலோடு சேர்க்க மாட்டார்கள். பழத்தில் புழு, வண்டு இருக்கக் கூடாது. நட்ட மரத்தின் முதல் மூன்று ஆண்டுக் காய்ப்பையும் உண்ணமாட்டார்கள், தோராவின் லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நான்காம் ஆண்டுக்கும் தனி விதி உண்டு. ஒட்டுக்கன்றில் ஆரம்ப வருஷங்களில் பூவைக் கிள்ளிவிடுகிற உங்களுக்கு இது புதிதாக இருக்காது. வயதான மரத்துச் செந்தூராவாகப் பார்த்துக் கொடுங்கள்.