வீட்டிலேயே லிப் பாம்: கேட்டவர்களுக்குப் பதில்

லிப் பாம் பற்றிக் கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன், பாதிச் சந்தேகம் அதிலேயே தீரும். தேன்மெழுகு 10 கிராம், செக்குத் தேங்காய் எண்ணெய் 20 கிராம், விளக்கெண்ணெய் 5 கிராம். அகலமான பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, அதற்குள் சின்னக் கிண்ணத்தை வைத்து மெழுகை உருக்குங்கள். எண்ணெய்களைச் சேர்த்துக் கலக்கி, சூடு ஆறுவதற்குள் சின்ன டப்பாவில் ஊற்றிவிடுங்கள். அவ்வளவுதான்.

அக்கா, சென்னை வெயிலில் கைப்பையில் வைத்தால் கூழாகிவிடுகிறது. ஃபிரிட்ஜில் வைத்தால் கல். என்ன செய்ய?

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். சென்னையில் பாமைத் தாங்கிப் பிடிப்பது மெழுகு மட்டும்தான். நீங்கள் மெழுகைக் குறைத்திருப்பீர்கள். ஊற்றுவதற்கு முன் ஒரு ஸ்பூனைச் சில நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, அதன் முதுகில் ஒரு சொட்டு விடுங்கள். உறைந்ததும் விரலால் தேயுங்கள். விரல் பட்டதுமே வழுக்கிக்கொண்டு ஓடினால் மெழுகு போதாது. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தால் எண்ணெய் கொஞ்சம் விடுங்கள். ஏற்கெனவே செய்ததைத் தூக்கிப் போடாதீர்கள், திரும்ப உருக்கிச் சரிசெய்யலாம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் 10 கிராம் மெழுகுக்கு 40 கிராம் எண்ணெய் வரை போகலாம்.

தேன்மெழுகு கிடைக்கவில்லை. வீட்டில் இருக்கும் மெழுகுவர்த்தியை உருக்கலாமா மேடம்?

வேண்டாம். அது பெரும்பாலும் பாரஃபின், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மெழுகு. சாயமும் சென்ட்டும் வேறு கலந்திருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள். மார்த்தாண்டம் பக்கம் உறவினர் இருந்தால் தேனீ வளர்ப்பவர்களிடமே வாங்கிவரச் சொல்லுங்கள். அடையாகக் கிடைத்தால் தண்ணீரில் போட்டு உருக்கி, பழைய பருத்தித் துணியில் வடிகட்டி ஆறவிடுங்கள். மெழுகு மேலே வட்டத் தகடாக மிதக்கும். அடிப்பக்கத்து அழுக்கைக் கத்தியால் சுரண்டிவிட்டு, ஈரம் போக நன்றாக உலர்த்துங்கள்.

பீட்ரூட் சாறு விட்டேன். நிறம் ஒட்டவே இல்லை, கீழே சிவப்புச் சொட்டாக நிற்கிறது.

பீட்ரூட் நிறம் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எவ்வளவு கலக்கினாலும் பிரிந்துதான் நிற்கும். பொடியாகப் போட்டால் உதட்டில் நறநறவென்று இருக்கும். உங்களுக்கு வேண்டியது வேம்பாளம்பட்டை, கூந்தல் தைலத்தைச் சிவப்பாக்கப் போடுவார்களே, அதேதான். ஒரு சிறு துண்டைத் தேங்காய் எண்ணெயில் போட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். எண்ணெய் மாதுளைச் சிவப்புக்கு வந்துவிடும். துணியில் வடிகட்டி, அந்த எண்ணெயையே அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உதட்டில் மெல்லிய சிவப்புதான் தெரியும், லிப்ஸ்டிக் அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், கறை லேசில் போகாது.

தேனும் பன்னீரும் சேர்த்தேன், பூசணம் பூத்துவிட்டது!

பூக்கத்தான் செய்யும். தண்ணீர் இருந்தால் கிருமி வளரும். கற்றாழைச் சாறு, பன்னீர், பழச்சாறு எதுவும் இதில் சேராது. தேனும் எண்ணெயோடு கலக்காமல் அடியில் தங்கிவிடும். பூசணம் பிடித்ததைச் சுரண்டிவிட்டுப் பூச வேண்டாம், கொட்டிவிடுங்கள். ஈர விரலைச் சிமிழுக்குள் விடுவதும் இதே வம்புதான்.

என் பாட்டி வெறும் நெய்யே தடவுவார். அது போதாதா?

தாராளமாகப் போதும். தூங்கும் முன் ஒரு துளி தடவினால் டப்பாவும் வேண்டாம், குப்பையும் இல்லை. ஆனால் நெய்யைப் பாமில் கலக்காதீர்கள், சீக்கிரம் சிக்கு வாடை வரும்.

எதில் ஊற்றி வைப்பது? புது டப்பா வாங்கினால் குப்பையைக் குறைக்கிறோம் என்பதற்கே அர்த்தம் இல்லையே.

சரியான கேள்வி. பரணில் தேடினால் பழைய குங்குமச் சிமிழ், தைல டப்பா என்று ஏதாவது அகப்படும். பழைய பிசுக்கை எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவையுங்கள். உள்ளே துரு பிடித்ததை விட்டுவிடுங்கள். தைல வாடை போகாத டப்பாவும் வேண்டாம், உதடு எரியும்.

பாத்திரம் கழுவுவதுதான் பெரிய தலைவலி.

சூடாக இருக்கும்போதே செய்தித்தாளால் துடைத்துவிடுங்கள். மெழுகைச் சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். நான் இதற்கென்றே ஒரு நசுங்கிய எவர்சில்வர் கிண்ணத்தை ஒதுக்கி வைத்திருக்கிறேன், அதைக் கழுவுவதே இல்லை. மூடி வைத்து, அடுத்த முறை அதிலேயே உருக்குவேன்.

மணத்துக்கு எலுமிச்சை, பட்டை, பச்சைக் கற்பூரம் போடலாமா?

மூன்றும் வேண்டாம். பிழிந்தெடுத்த எலுமிச்சைத் தைலம் பட்ட தோல் வெயிலில் புண்ணாகலாம். பட்டைத் தைலம் எரிச்சல் தரும். கற்பூரம் குழந்தைகள் வயிற்றுக்குள் போனால் ஆபத்து. நல்ல செக்கு எண்ணெய்க்கும் தேன்மெழுகுக்கும் உள்ள வாசமே போதாதா?

தேன்மெழுகு வேண்டாம், தாவர மெழுகு இருக்கிறதா?

கார்னௌபா மெழுகு பனைவகை மரத்து இலையிலிருந்து எடுப்பது. தேன்மெழுகைவிட மிகக் கடினம், அதனால் பாதி அளவில் தொடங்கி ஸ்பூன் சோதனை செய்து பாருங்கள்.

என் மகனுக்கு வாயின் ஓரங்களில் வெடித்து வெடித்து வருகிறது. எந்த பாம் நல்லது?

எந்த பாமும் இல்லை, டாக்டரிடம் காட்டுங்கள் அம்மா. இரும்புச்சத்துக் குறைவு, பி வைட்டமின் குறைவு, பூஞ்சைத் தொற்று என்று எதுவாகவும் இருக்கலாம். உதட்டை நக்கும் பழக்கம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

அக்கா, இதையே செய்து விற்கலாமா?

வீட்டுக்கும் தோழிகளுக்கும் செய்யுங்கள். விற்பதென்றால் அழகுசாதனத் தயாரிப்பு உரிமம் வேண்டும் தம்பி. 2020 அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். சும்மா கொடுத்தாலும் செய்த தேதியையும் என்னென்ன போட்டீர்கள் என்பதையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். வாங்குகிறவருக்கு ஏதாவது ஒவ்வாமை இருந்தால் பார்த்துக்கொள்வார்.