ஜெர்மன் ‘லீட்’ பாட்டை ஓபரா ஆரியாவிலிருந்தும் நாட்டுப்பாட்டிலிருந்தும் எப்படிப் பிரித்தறிவது?

முதலில் பியானோவைக் கவனியுங்கள், பாடகரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு கவிதை, ஒரு குரல், ஒரு பியானோ: பொதுவாக லீடின் ஆள்கணக்கு இவ்வளவுதான். ஓபராவில் ஒரு பாத்திரம் தனித்துப் பாடும் பாட்டான ஆரியாவுக்கு வேடம், மேடை, ஆர்கெஸ்ட்ரா, முன்கதை எல்லாம் கைகொடுக்கும். லீடில் அந்த வேலை அத்தனையும் பியானோவின் தலையில். நாட்டுப்பாட்டில் மெட்டு தனியாகவே நிற்கும். பக்கவாத்தியம் இல்லாவிட்டாலும் குறையில்லை.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் 1814 அக்டோபரில், 17 வயதில், ஜெர்மன் கவிஞர் கேத்தேயின் ‘ஃபவுஸ்ட்’ நாடக வரிகளுக்கு அமைத்த ‘ராட்டையருகே கிரெட்சென்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பியானோக்காரரின் வலக்கையில் ராட்டை ஓயாமல் சுழல்கிறது, இடக்கையில் மிதிபலகை. காதலனின் முத்தத்தை நினைத்து அவள் மேல்சுரத்தில் நிற்கும்போது ராட்டையும் நின்றுவிடும். பிறகு பியானோ மட்டும் திக்கித் திணறி மறுபடி சுற்றத் தொடங்கும். இந்தத் திணறலைப் பொறுமையில்லாமல் தாண்டி ஓடும் பியானோக்காரர்கள் பாட்டையே கெடுத்துவிடுகிறார்கள்.

அமைப்பில் இரண்டு எல்லைகள் உண்டு. எல்லாச் சரணத்துக்கும் ஒரே மெட்டு என்பது ஒன்று, ‘ஹைடன்ரோஸ்லைன்’ அப்படி. கேத்தேவுக்குப் பிடித்ததும் இதுதான். மற்றது, கவிதை போகும் போக்கில் இசையும் மாறிக்கொண்டே போவது: 1815இன் ‘எர்ல்கோனிக்’. 1816இல் நண்பர்கள் ஷூபர்ட்டின் பாட்டுக்கட்டு ஒன்றை கேத்தேவுக்கு அனுப்ப, அது பதிலில்லாமல் திரும்பி வந்தது.

தந்தையோடு குதிரையில் போகும் சிறுவனைப் பேய்மன்னன் ஒருவன் கவர்ந்திழுப்பதுதான் ‘எர்ல்கோனிக்’கின் கதை. அதில் கதைசொல்லி, தந்தை, மகன், பேய்மன்னன் என நால்வரையும் ஒரே பாடகர் பாட வேண்டும். மகனின் ‘தந்தையே’ என்ற அலறல் ஒவ்வொரு முறையும் முன்னதைவிட மேலே ஏறும். அங்கே குரலும் பியானோவும் அரைச்சுர இடைவெளியில் உரசுவதைக் கேட்கலாம். பேய்மன்னனை உறுமிப் பாடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. அவன் ஆசைகாட்டுகிறவன்; மேஜர் சுருதியில் (பொதுவாகத் துலக்கமாக ஒலிக்கும் சுரவரிசையில்), மிக மென்மையாகப் பாட எழுதப்பட்டவன். உறுமல் முதலிலேயே வந்துவிட்டால் கடைசியில் அவன் பலவந்தத்துக்கு இறங்கும் வரி எடுபடாது. வலக்கையில் தட்டுக்கு மூன்றாக விடாமல் அடிக்கும் சுரங்கள் மணிக்கட்டை ஒருவழி பண்ணிவிடும். ஷூபர்ட்டே இரண்டிரண்டாக எளிதாக்கி ஒரு வடிவம் எழுதியிருக்கிறார், ஆகவே தடுமாறினால் வெட்கப்பட வேண்டாம்.

ஆரியாவைப் பெரும்பாலும் எழுதிய சுருதியிலேயே பாடுவார்கள். லீடைக் குரலுக்கேற்ப இறக்கிக்கொள்ளலாம். மேல், நடு, கீழ் குரல்களுக்கென்று தனித்தனிப் பதிப்புகள் கிடைக்கும். ஆனால் இறக்கினால் பியானோவின் இடக்கைச் சுரங்கள் கீழே கனத்துக் குழம்பும். இடக்கையை இலேசாக்கி, பெடலைக் குறைக்க வேண்டும்.

ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் பாடும் பாட்டுத் தொகுதிகளில் இன்னும் கவனம் தேவை. ஜெர்மன் கவிஞர் ஹைனவின் கவிதைகளுக்கு இசையமைப்பாளர் ஷூமன் 1840இல் அமைத்த ‘டிஷ்டர்லீபே’யில் 16 பாட்டுகள். முதல் பாட்டு முடிவுக்கு வராமல் அந்தரத்தில் நின்றுவிடும்; காது எதிர்பார்க்கும் மிச்சத்தை இரண்டாம் பாட்டின் தொடக்கத்தில்தான் தேட வேண்டும். வசதிக்காக ஒன்றை மட்டும் சுருதி இறக்கினால் இந்தக் கண்ணி அறுந்துவிடும். இறக்குவதானால் இரண்டையும் ஒரே அளவு இறக்குங்கள், நடுவில் கைதட்டலுக்கு இடம் கொடுக்காதீர்கள்.