பக்கத்து வீட்டில் தினமும் குழந்தையை அடிக்கிறார்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொன்னால் குழந்தையைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்களா?

சொல்லலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுபவர்கள் நான் வேண்டாம் என்றதாக நினைத்துக்கொள்வார்கள். 1098 இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. சூடு வைத்த தழும்பு, எலும்பு முறிவு, தலையில் காயம் என்று எதையாவது பார்த்திருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், இப்போதே கூப்பிடுங்கள். பாலியல் தொந்தரவு என்றால் 'சொல்லலாமா' என்ற கேள்விக்கே இடமில்லை. 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

ஆனால் நீங்கள் எழுதியிருப்பது வேறு. இரவு ஒன்பது மணிக்கு மேல் சத்தம், தாய் கத்துகிறார், நான்கு வயதுக் குழந்தை அழுகிறது. ஒன்பது மணி என்பதைப் படித்ததுமே, அந்தப் பெண் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அவருடைய பெயர் உங்களுக்குத் தெரியாது என்றும் தோன்றியது. குறையாகச் சொல்லவில்லை. சுவர் ஒன்றாக இருந்தும் பேச்சு இல்லாத வீடுகளில்தான் இப்போது எல்லோரும் இருக்கிறோம்.

நான் திருப்பூரில் அங்கன்வாடிப் பணியாளர். பனியன் கம்பெனிகளுக்கு நடுவே, லைன் வீடுகள் நெருக்கியடித்துக் கிடக்கும் பகுதியில் எங்கள் மையம். சில ஆண்டுகளுக்கு முன் மூன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்து சேர்ந்தது. தேனிப் பக்கத்துக் குடும்பம். அப்பா ஊருக்குப் போய்வருகிறேன் என்று போனவர், திரும்பவில்லை. அம்மாவுக்கு ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில், அதாவது பெரிய கம்பெனியிடம் வேலையை வாங்கிச் செய்துதரும் சிறு பட்டறையில், செக்கிங் வேலை. காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார்.

குழந்தைக்குக் கால் கழுவிவிடும்போது எங்கள் ஆயாதான் பார்த்தார். தொடையின் பின்பக்கம் கரண்டிக் காம்பின் தடம், பழையதும் புதியதுமாக. எடை போட்டேன், முந்தைய மாதத்தைவிடக் குறைவு. பாயை நனைத்துவிட்டதால் அடி என்று குழந்தையே சொன்னது. அந்த அம்மாவை வரவழைத்து எல்லோர் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் கேட்க வேண்டும் என்றார் ஆயா. நான் சம்மதிக்கவில்லை. எங்களிடம் அவமானப்பட்டுப் போகிறவர் அந்த ஆத்திரத்தை அன்றிரவு யாரிடம் காட்டுவார்?

இரவில் நானே அவர் வீட்டுக்குப் போனேன். "பஞ்சாயத்துக்கு வந்தீர்களா டீச்சர்?" என்று வாசலிலேயே நிறுத்தினார். "உங்கள் லைனுக்குத் தண்ணீர் எப்போது வரும் கண்ணு?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர்தான் பேசினார். குழாய்த் தண்ணீர் நாள் கணக்கில் இடைவெளி விட்டுத்தான் வரும். வீட்டுக்கார அம்மா மோட்டார் போடுவது விடியற்காலையில் கொஞ்ச நேரம். அதற்குள் நனைந்த பாயும் போர்வையும் அலசியாக வேண்டும். நாற்றம் வந்தால் காலி செய் என்பார்கள். அலசிவிட்டு ஓடினால் கம்பெனி கேட்டில் தாமதம், கூலியில் வெட்டு. குழந்தை ஒருமுறை நனைத்தால் அவருக்கு அன்றைய கூலியில் ஓட்டை விழுந்தது. மையம் விட்டபின் மாலை முழுக்கக் குழந்தை பக்கத்து அறைப் பாட்டியிடம் இருக்கும், அதுவும் பாட்டிக்கு மனம் இருந்தால். மனம் இல்லாத நாளில் வெளியே பூட்டிய அறைக்குள்.

இதை எழுதியதும், டீச்சர் அடிப்பவருக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று யாராவது கீழே எழுத வருவார்கள். கரண்டிக் காம்பால் குழந்தையை அடிப்பது தவறு என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழந்தையைத் தாக்கிக் கொடுமைப்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை என்று 2015 இளைஞர் நீதிச் சட்டம் சொல்வதும் தெரியும். அந்தத் தாயை மூன்று ஆண்டு உள்ளே வைத்தால் அந்தக் குழந்தைக்குச் சோறு போடுவது யார் என்பதையும் எழுதிவிட்டுத் திட்டட்டும்.

ஐந்து வயதுவரை தூக்கத்தில் நனைப்பது இயல்புதான், வேண்டுமென்று செய்வதில்லை என்றேன். அவர் நம்பவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து அதையே சொன்னபோது நம்பினார். பாய்க்கு மேல் ரப்பர் ஷீட் வாங்கிப் போட்டோம். பாட்டியிடம் மாதச் சம்பளம் பேசினோம். பாட்டி பெருந்தன்மையாகக் காசு வேண்டாம் என்றார். காசு வாங்காதவரை நம்பி விடாதீர்கள், சம்பளம் வாங்குபவர்தான் நேரத்துக்கு வாசலில் நிற்பார் என்று ஆயா அடித்துச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

பெரிய உதவி, குழந்தைகள் பாதுகாப்புக்கான அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு. மாதம் 4,000 ரூபாய். தந்தையை இழந்த, தந்தையால் கைவிடப்பட்ட, பெற்றோர் கடும் நோயில் கிடக்கிற குழந்தைகள் தங்கள் வீட்டிலேயே வளர்வதற்காகத் தருவது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். இவருடைய ரேஷன் அட்டையோ தேனியில் மாமியார் கையில். கணவர் இறந்தால் காட்ட ஒரு சான்றிதழ் இருக்கிறது. ஓடிப்போனவருக்கு எதைக் காட்டுவது? அலைந்தோம். ஒவ்வொரு அலைச்சலும் அவருக்கு ஒரு நாள் கூலி. பணம் வரத் தொடங்கியதும் ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டாகக் குறைத்துக்கொண்டு மாலையிலேயே வீடு திரும்பினார். அடி அடியோடு நின்றது என்று சொன்னால் பொய். தடம் விழும் அடியை அதன்பின் நான் பார்க்கவில்லை. எடை ஏறியது.

இதில் கம்பெனிக்கு எந்தப் பொறுப்பும் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பகல்நேரக் காப்பகம் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. ஜாப் ஒர்க் யூனிட்டில் முப்பது பேர் எங்கே இருக்கப்போகிறார்கள்? துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்த வேலையில் சட்டமும் துண்டாகிவிட்டது.

நடுவில் என் வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். ஆயா அந்தத் தடத்தைப் பார்த்தது கால் கழுவும்போது. இன்று அந்த நேரத்தில் நான் அங்கன்வாடி விவரங்களைப் பதியும் போஷன் டிராக்கர் செயலியோடு மல்லுக்கட்டுகிறேன். சத்துமாவு கொடுக்கத் தாயின் முகத்தைப் படம் பிடிக்க வேண்டும், முகம் பொருந்தவில்லை என்று அது சொல்லும், சிக்னலுக்காக வாசலில் நிற்க வேண்டும். ஷிப்டில் இருக்கும் தாய் முகத்தை எங்கிருந்து கொண்டுவருவார்? வீடு வீடாகப் போகச் சொல்கிறார்கள், வாக்காளர் பட்டியலுக்காக. இத்தனைக்கும் மேல், அங்கன்வாடி என்றதும் முட்டைத் திருட்டைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசும் உறவினர் ஒருவர் எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றைக்கூட விடுவதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1098-க்குச் சொன்னதாலேயே குழந்தையை விடுதியில் போட்டுவிட மாட்டார்கள். காப்பகம் கடைசி வழி என்பதை 2015 சட்டமே கொள்கையாக வைத்திருக்கிறது. குழந்தையை மீட்டு வந்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். விசாரித்துக் குழந்தையைப் பெற்றோரிடமே திருப்பித் தருகிற அதிகாரமும் அந்தக் குழுவுக்கு உண்டு. விசாரணை தேவையில்லாத வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டோமோ என்று நீங்கள் தூக்கம் கெட வேண்டாம். சொன்னதால் ஒரு குடும்பத்துக்கு உதவி போய்ச்சேரவும் கூடும்.

அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அடியைப் பற்றி எடுத்ததுமே பேசாதீர்கள். மாலையில் குழந்தை யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். உங்களால் முடிகிற ஒரு மணி நேரம் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். கணவர் இல்லாத வீடு என்றால் நிதி ஆதரவைப் பற்றிச் சொல்லுங்கள். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் வாங்கலாம். எல்லாத் தாளிலும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், ஒன்றைக் கட்டாயம் தொலைப்பார்கள்.