உப்பு ஏறினால் துளசிக்கு வீரியம் கூடுமா?

“சிங்கப்பூர் பிடோக்கில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் துளசி, கற்பூரவள்ளி, புதினா வளர்க்கிறேன். கொஞ்ச நாளாகத் துளசி இலை சிறுத்து நுனி கருகுகிறது. கசக்கினால் மட்டும் மணம் முன்பைவிடத் தூக்கலாக இருக்கிறது. உப்பு மண்ணில்தான் மூலிகைக்கு வீரியம் என்கிறார் பக்கத்து வீட்டு ஐயா. அப்படியே விட்டுவிடலாமா?” என்று கேட்கிறார் ஒரு வாசகி.

ஐயா சொன்னதில் பாதி உண்மை. யூஜெனால் போன்ற ஆவியாகும் எண்ணெய்கள், துளசி இலையின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில்தான் தேங்குகின்றன. மண்ணில் உப்பு கூடினால் வேர் தண்ணீர் இழுக்கத் திணறும், இலை விரியாது. சின்ன இலையில் சுரப்பிகள் நெருங்கி நிற்கும். வளர்ச்சிக்குப் போக வேண்டிய சர்க்கரையில் ஒரு பங்கைச் செடி தற்காப்புப் பொருள்களுக்குத் திருப்பிவிடவும் செய்யும். மணம் தூக்குவது இதனால்தான்.

கணக்குப் போட்டால் கதை மாறும். 100 கிராம் இலையில் 0.5 சதவீதம் எண்ணெய் என்றால் அரை கிராம். உப்பால் அது 0.7 ஆக ஏறி, இலை 60 கிராமாகக் குறைந்தால் 0.42 கிராம்தான் மிஞ்சும். (எண்கள் விளக்கத்துக்கு நான் வைத்தவை.) உப்பு மேலும் ஏறினால் சதவீதமும் சரியும். எண்ணெயின் கலவையும் மாறக்கூடும். கஷாயத்துக்குப் பறிப்பவர் கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

பிடோக் கடலோரம் என்றதும் கடற்காற்றைச் சந்தேகிக்க வேண்டாம். கூரை போட்ட தாழ்வாரத்தில் மழை விழாது. போட்ட உரத்தின் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். கழுவாத தென்னை நார்த்தூளிலும் உப்பு உண்டு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறதா, பாருங்கள். இருந்தால் மேல்மண்ணை ஒரு விரல் கனத்துக்குச் சுரண்டி எறியுங்கள். பிறகு தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், அதன் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். தாழ்வாரத்தில் செய்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வருவார்! தட்டில் தேங்கும் நீரைக் கொசுவுக்காகக் கொட்டுகிறோம் அல்லவா? உப்புக்காகவும் கொட்டுங்கள், விட்டால் மண் அதைத் திரும்ப உறிஞ்சும்.

உப்பைத் தாங்குவதில் புதினா சோப்ளாங்கி, அதை முதலில் கவனியுங்கள். புதுத்துளிர் வரும்வரை உரம் வேண்டாம். கருகிய நுனி மறுபடி பச்சையாகாது, கிள்ளிவிடுங்கள்.