வாசகர் கேள்வி: பத்து டாலர் பந்தயமும் ஒரு சட்டக் கல்லூரியும்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல், வாஷிங்டனில் கறுப்பின மாணவருக்காகத் தோன்றிய ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. பணி ஓய்வு பெறும்வரை சட்டக் கல்லூரியில் அரசியலமைப்புச் சட்டம் நடத்தியவள் நான். இதைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்கு அலுக்காது. எனவே இந்த இதழ் முழுக்க அதுவே.

கேள்வி: கமலா ஹாரிஸும் அதே ஹோவர்டில் படித்தவர்தானே? கறுப்பினத்தவர் மட்டும்தான் அங்கே சேர முடியுமா?
(ஒரு வாசகர், மன்னார்குடி)

ஆமாம், 1986-ல் அங்கே பட்டம் வாங்கியவர். அவருடைய தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீகமான துளசேந்திரபுரம் உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆனால் ‘மட்டும்’ என்பது சரியல்ல. 1867-ல் ஹோவர்டு தொடங்கியபோது முதலில் சேர்ந்த மாணவிகளே அதை நிறுவியவர்களின் வெள்ளைக்கார மகள்கள்தான். கதவைச் சாத்தியவை மற்ற கல்லூரிகள். தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றமாக இருந்தது. உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்ததும் நாற்பது லட்சம் பேர் விடுதலை பெற்று வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், வாத்தியார் வேண்டும், வைத்தியர் வேண்டும். ஹோவர்டு போன்ற கறுப்பினக் கல்லூரிகளில் பெரும்பாலானவை அந்தத் தேவையில் பிறந்தவைதான். சில மட்டும் போருக்கு முன்பே வந்தவை; பென்சில்வேனியாவின் செய்னி 1837-லேயே வந்துவிட்டது.

நாஷ்வில்லில் 1866-ல் ஃபிஸ்க் பள்ளி தொடங்கியது படைவீரர்கள் காலி செய்துவிட்டுப் போன கொட்டகைகளில். ஏழு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுக் கிழவரும் அங்கே அரிச்சுவடி படித்தார்கள். ஐந்து வருஷத்தில் கடன் கழுத்தை நெரித்தது. பொருளாளர் ஜார்ஜ் ஒயிட், பாடத் தெரிந்த ஒன்பது மாணவர்களை அழைத்துக்கொண்டு 1871 அக்டோபரில் ஊர் ஊராகக் கிளம்பினார். அடிமைக் காலத்தில் தங்கள் பெற்றோர் முணுமுணுத்த பாடல்களை அவர்கள் மேடையேற்றினார்கள். 1873-ல் விக்டோரியா ராணி முன்னால் பாடும் அளவுக்குப் போனார்கள். அந்தப் பாட்டுக் காசில் எழுந்த ஜூபிலி ஹால் இன்றும் ஃபிஸ்க் வளாகத்தில் நிற்கிறது.

1890-ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது: உயர்கல்வி மானியம் வாங்கும் மாநிலம் கறுப்பினத்தவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அவர்களுக்கெனத் தனிக் கல்லூரி நடத்த வேண்டும். தென் மாநிலங்கள் எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1964-க்கு முன் கறுப்பின மாணவருக்காகத் தோன்றிய கல்லூரிகளையே இன்று கறுப்பினக் கல்லூரிகள் என்ற பட்டியலில் வைக்கிறார்கள். சுமார் நூறு இருக்கின்றன.

கேள்வி: பிரபலங்களின் பெயர்ப் பட்டியல் எங்கும் கிடைக்கிறது. நாட்டுக்கே பயன்பட்ட ஒரு காரியத்தை விளக்கமாகச் சொல்லுங்கள், அம்மா.
(ஒரு சட்ட மாணவி, திருநெல்வேலி)

உனக்குச் சொல்வதென்றால் ஹோவர்டின் சட்டப் பள்ளியைத்தான் சொல்வேன்.

சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்ற பெயரை எழுதி வைத்துக்கொள். ஹார்வர்டு (ஹோவர்டு அல்ல) சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பிடித்த முதல் கறுப்பின மாணவர் அவர். முதல் உலகப் போரில் அதிகாரியாக இருந்தபோது, சொந்தப் படையே தன் இனத்தவரை நடத்திய விதத்தைப் பார்த்துவிட்டு, திருப்பி அடிக்க முடியாதவர்களுக்காகச் சட்டம் படிப்பது என்று முடிவு செய்தவர். 1929-ல் ஹோவர்டு சட்டப் பள்ளி அவர் கைக்கு வந்தது. அப்போது அது பகலில் வேலை பார்ப்பவர்கள் மாலையில் வந்து படிக்கிற இடம். அவர் மாலை வகுப்பை மூடி, முழுநேரப் பள்ளியாக்கினார். ஏழைகள் எப்படிப் படிப்பார்கள் என்று கடும் எதிர்ப்பு வந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்பதுதான் என் எண்ணம். வேலையை விட்டுவிட்டுப் படிக்க எத்தனை பேரால் முடியும்? ஆனால் 1931-ல் வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் கிடைத்தது. ஹோவர்டில் படித்தவனை அரைகுறை என்று எந்த நீதிமன்றமும் ஒதுக்க முடியாமல் போனது. வக்கீல் ஒன்று சமுதாயத்தைக் கட்டும் பொறியாளனாக இருப்பான், இல்லையேல் ஒட்டுண்ணியாக இருப்பான் என்பது அவர் வகுப்பில் ஓயாமல் சொன்னது.

தர்குட் மார்ஷலின் சொந்த ஊர் பால்டிமோர். அங்கேயே மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி இருந்தும் கறுப்பினத்தவருக்கு அங்கே இடமில்லை. அம்மா நார்மா தன் கல்யாண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் அடகு வைத்து ஹோவர்டுக்குப் பணம் கட்டினார். மகன் தினமும் வாஷிங்டனுக்கு ரயிலில் போய் வந்து 1933-ல் வகுப்பில் முதலாவதாகத் தேறினான். இரண்டே வருஷத்தில் ஆசிரியரும் மாணவருமாகச் சேர்ந்து அதே மேரிலாந்து சட்டப் பள்ளியின் மீது, இடம் மறுக்கப்பட்ட டொனால்ட் மரே என்ற இளைஞருக்காக வழக்காடி ஜெயித்தார்கள்.

ஏன் சட்டப் பள்ளியில் தொடங்கினார்கள் என்று யோசித்துப் பார். ‘தனியாக இருக்கலாம், சமமாக இருந்தால் போதும்’ என்று 1896-ல் பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, சமமாகவே கொடு என்றார் ஹூஸ்டன். ஒரே ஒரு மாணவனுக்காக எந்த மாநிலமும் தனியே ஒரு சட்டப் பள்ளி கட்டி, பேராசிரியர்களை வைத்து, நூலகம் அமைக்க முடியாது. எதிரி ஒப்புக்கொண்ட விதியை வைத்தே எதிரியை மடக்குவது. 1938-ல் மிசௌரி வழக்கு, 1950-ல் டெக்சாஸ் வழக்கு என்று ஒவ்வொரு செங்கல்லாக உருவினார்கள். இதற்கெல்லாம் முன்பே, 1934-ல், ஹூஸ்டன் கையில் சினிமா கேமராவோடு தென் கரோலினாவின் கிராமங்களுக்குப் போய், அங்கே கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கும் வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படம்பிடித்துக்கொண்டு வந்தார். ‘சமம்’ என்ற வாதத்துக்கு அதைவிட என்ன பதில் வேண்டும்?

இப்போது உனக்காக ஒரு பெண்ணைப் பற்றி. பாலி மரே 1941-ல் ஹோவர்டு சட்டப் பள்ளியில் சேர்ந்தார். பெண்கள் எதற்குச் சட்டம் படிக்க வருகிறார்கள் என்று தெரியவில்லை என வகுப்பிலேயே ஒரு பேராசிரியர் சொன்னார். நிறவெறியை எதிர்க்கும் பள்ளியிலும் இது நடந்தது. இதை மறைக்க நான் விரும்பவில்லை. இறுதி ஆண்டில் அவர் ஒரு யோசனை சொன்னார்: சமமாக்கு என்று கெஞ்சுவதை விட்டுவிட்டு, பிரித்து வைப்பதே அநீதி என்று பிளெஸ்ஸி தீர்ப்பை நேராகத் தாக்க வேண்டும். வகுப்பு சிரித்தது. இருபத்தைந்து வருஷத்துக்குள் அந்தத் தீர்ப்பு கவிழும் என்று பேராசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனிடம் பத்து டாலர் பந்தயம் கட்டினார். பிறகு அதையே ஆய்வுக் கட்டுரையாக எழுதிக் கொடுத்து, 1944-ல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். மேற்படிப்புக்கு ஹார்வர்டு அவரைப் பெண் என்ற காரணத்துக்காகச் சேர்க்க மறுத்தது.

1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் தீர்ப்பு வந்தது: பொதுப் பள்ளிகளில் நிறத்தின் பேரால் பிரித்து வைப்பது செல்லாது. வாதாடியவர் மார்ஷல், உடன் நின்றவர்களில் ஒருவர் ராபின்சன். பந்தயத்துக்குப் பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த வழக்குக்குத் தயாரானபோது தன் கட்டுரையை எடுத்துப் பார்த்தார்கள் என்பதை, பல வருஷம் கழித்து ராபின்சன் சொல்லித்தான் பாலி மரே தெரிந்துகொண்டார். இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வரும், பெருமையும் வரும்.

இன்னொன்று. உச்ச நீதிமன்றத்துக்குப் போகுமுன் அந்த வக்கீல்கள் ஹோவர்டில்தான் ஒத்திகை பார்த்தார்கள். பேராசிரியர்கள் நீதிபதிகளாக உட்கார்ந்து குறுக்குக் கேள்விகளால் துளைத்தார்கள், மாணவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். நீ இப்போது மூட் கோர்ட் என்ற மாதிரி நீதிமன்றத்தில் கறுப்பு கவுன் மாட்டிக்கொண்டு நிற்கிறாயே, அதேதான். ஹூஸ்டன் மட்டும் அதைப் பார்க்கவில்லை. 1950-லேயே, ஐம்பத்து நான்கு வயதில் இறந்துவிட்டார்.

கேள்வி: அலபாமாவின் கறுப்பினக் கல்லூரியான டஸ்கீகி என்றாலே கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்த சிபிலிஸ் (பால்வினை நோய்) ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கல்லூரியைப் போய் எப்படிப் பாராட்டுவது?
(ஒரு வாசகர், சென்னை)

1932 முதல் 1972 வரை நடந்த அந்தக் கொடுமையை நடத்தியது அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை. கல்லூரி அதற்கு இடமும் ஒத்துழைப்பும் தந்தது, அந்தக் கறை அதற்கும் உண்டு. ஆனால் அதே வளாகத்தில் நடந்த இன்னொரு வேலையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1950-களில் சால்க்கின் போலியோ தடுப்பூசியைச் சோதிக்க, போட்டுக்கொண்ட பிள்ளைகளின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு உயிருள்ள மனிதச் செல்கள் மலைமலையாகத் தேவைப்பட்டன. ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணிடமிருந்து அவருக்குத் தெரியாமலே எடுக்கப்பட்ட ஹீலா செல்களை வளர்த்து, குழாய் குழாயாகப் பரிசோதனைச் சாலைகளுக்கு அனுப்பும் பொறுப்பை டஸ்கீகி ஏற்றது. ரஸ்ஸல் பிரவுன், ஜேம்ஸ் ஹெண்டர்சன் என்ற இரு விஞ்ஞானிகளின் தலைமையில் 1955-க்குள் சுமார் ஆறு லட்சம் செல் வளர்ப்புகள் அங்கிருந்து போயின. நம் பிள்ளைகளின் வாயில் சொட்டு மருந்து விழுந்ததற்குப் பின்னாலுள்ள நீண்ட வரலாற்றில் அந்த அலபாமா ஆய்வுக்கூடத்துக்கும் பங்கு உண்டு.

கேள்வி: மார்ட்டின் லூதர் கிங்குக்குக் காந்தியைப் பற்றி யார் சொல்லிக்கொடுத்தது?
(ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

பல பேர். அவர்களில் முக்கியமானவர்கள் இந்தக் கல்லூரிக்காரர்கள். ஹோவர்டின் பேராசிரியரும் கிறிஸ்தவப் போதகருமான ஹவார்ட் தர்மன் 1935-ல் ஒரு குழுவோடு முதலில் வந்து இறங்கியது உங்கள் இலங்கையில்தான். கொழும்பில் சட்டக் கல்லூரித் தலைவர் அவரைக் கேட்டாராம்: உங்கள் முன்னோரைப் பிடித்து விற்றவர்கள் கிறிஸ்தவர்கள், நீங்களும் கிறிஸ்தவராகவே வந்து நிற்கிறீர்களே, எப்படி? அந்தக் கேள்வி தர்மனை வாழ்நாள் முழுக்க விடவில்லை. அடுத்த பிப்ரவரியில் பர்தோலியில் காந்தியைச் சந்தித்தார். அந்த வருஷக் கடைசியில் அதே ஹோவர்டின் பெஞ்சமின் மேஸும் இந்தியாவுக்கு வந்து காந்தியோடு பேசினார். பிறகு அவர் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரிக்குத் தலைவரானார். 1944-ல் பதினைந்து வயதில் அங்கே சேர்ந்த கிங், மேஸைத் தன் குருவாகவே நினைத்தார். இந்தியாவுக்குப் போய்த் திரும்பியிருந்த ஹோவர்டு தலைவர் மார்டிகாய் ஜான்சன் 1950-ல் பிலடெல்பியாவில் காந்தியைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு, கிங் நேரே போய்க் காந்தியைப் பற்றிய புத்தகங்களாக வாங்கிக் குவித்தார்.

கேள்வி: என் மகனுக்கு வட கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. ‘அது கறுப்பர் காலேஜ், அங்கேயா அனுப்புவாய்’ என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். அனுப்பலாமா?
(ஒரு தாய், கோயம்புத்தூர்)

சொந்தக்காரர்களின் பேச்சு உங்களை வருத்தியிருப்பது கடிதத்தில் தெரிகிறது. மாப்பிள்ளை தேடும்போது நிறம் கேட்கிற அதே வாய்தான் இதையும் பேசுகிறது. அதைக் காதில் வாங்காதீர்கள்.

இந்தக் கல்லூரிகளிலேயே மாணவர் எண்ணிக்கையில் மிகப் பெரியது அது. பொறியியலுக்குப் பேர்போனது. சேலஞ்சர் விண்கலத்தில் 1986-ல் உயிர்விட்ட ரொனால்ட் மெக்நெய்ர் அங்கே இயற்பியல் படித்தவர். 1960 பிப்ரவரி 1-ம் தேதி அந்தக் கல்லூரி இருக்கும் கிரீன்ஸ்பரோ நகரின் ஊல்வர்த் கடையில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காபி கேட்ட நான்கு முதலாண்டுப் பையன்களும் அந்தக் கல்லூரிதான். காபி தரவில்லை, அவர்களும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள், பக்கத்து பென்னட் கல்லூரிப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜூலையில் கடை பணிந்தது. அந்தக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம், உங்கள் மகன் போய்ப் பார்க்கலாம்.

ஆனால் வரலாற்றுக்காக மட்டும் யாரும் லட்சக்கணக்கில் கடன் வாங்கக் கூடாது. இத்தகைய அரசுக் கல்லூரிகளுக்கு மாநிலங்கள் நியாயமான பங்கைக் கொடுக்கவில்லை. முப்பது வருஷத்தில் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைத்துக் கொடுத்திருக்கிறீர்கள் என்று 2023-ல் மத்திய அரசே பதினாறு மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதியது. வட கரோலினாவும் அதில் ஒன்று. இதனால் துறைக்குத் துறை வசதி வித்தியாசப்படலாம். மகன் சேரப்போகும் துறையின் ஆய்வுக்கூடம் எப்படி, உதவித்தொகையோடு வேலை கிடைக்குமா, போன வருஷம் முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அங்கே படிக்கிற நம் பிள்ளைகளிடமே கேட்கச் சொல்லுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் தயங்காமல் விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.